அட்மிஷன் அன்றே விடுப்புக் கடிதம்: நோயாளியும் கூட இருப்பவரும் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

தமிழ்நாட்டின் பெரிய மருத்துவமனைகளில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கென்று தனியாக ஒரு கவுன்ட்டர் இருக்கும். ரேஷன் கார்டு எங்கே, ஆதார் எங்கே என்று கேட்டு, எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று சொல்லிவிடுவார்கள். நோயாளி எங்கே வேலை பார்க்கிறார், கூட இருப்பவருக்கு நாளைக்கு ஷிஃப்ட் உண்டா, லீவு சொல்லியாகிவிட்டதா என்று கேட்பதற்கு மட்டும் பெரும்பாலும் ஆளிருப்பதில்லை.

ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருப்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். உள்ளே இருப்பவரின் நிலை ஒரு கவலை. கையிலிருக்கும் போனில் சூப்பர்வைசரின் பெயர் திரும்பத் திரும்ப வருவது இன்னொரு கவலை. எடுத்தால் "நாளைக்கு வர்றியா, இல்லையா?" என்று கேட்பார் என்பதால் எடுக்காமல் விடுகிறார்கள். இரண்டு நாள் அப்படியே போகிறது, அது ஒரு வாரமாகிறது. பிறகு வேலைக்குப் போனால் "உன் இடத்துக்கு ஆள் போட்டாச்சு" என்ற பதில் வருகிறது. உரிமையே இல்லாதவர்கள் ஒரு பக்கம் இருக்க, உரிமை இருந்தும் உரிய நாளில் எழுத்தில் கேட்காததால் இழக்கிறவர்கள் நம்மிடையே ஏராளம். அந்த இழப்பையாவது தடுக்க முடியும். அதற்காகத்தான் இந்தப் பட்டியல்.

முதலில், யாருக்கு எது உண்டு

ஒரு கசப்பான உண்மையைச் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். உடல்நலமில்லாத பெற்றோரையோ கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொள்வதற்கென்று தனியார் துறை ஊழியருக்குத் தனி விடுப்பு தரும் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆகவே கூட இருப்பவர், தம் கணக்கில் ஏற்கெனவே உள்ள விடுப்பைத்தான் சரியாகப் பயன்படுத்த வேண்டும்.

- கடை, அலுவலகம், தனியார் நிறுவன ஊழியர்கள்: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 இவர்களுக்கு உரியது. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்திருந்தால், அடுத்த ஆண்டில் 12 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு. முதல் ஆண்டிலிருந்தே, தமக்கு நோயோ விபத்தோ நேர்ந்தால் 12 நாள் வரையிலும், நியாயமான எந்தக் காரணத்துக்காகவும் தற்செயல் விடுப்பாக (சி.எல்.) 12 நாள் வரையிலும் சம்பளத்தோடு எடுக்கலாம். அப்பா ஆஸ்பத்திரியில் கிடப்பதைவிட நியாயமான காரணம் வேறென்ன?
- தொழிற்சாலைத் தொழிலாளர்கள்: வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் ஈட்டிய விடுப்பு. அதற்கு ஆண்டில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்றிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது 180 நாளாகக் குறைந்திருக்கிறது.
- ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உள்ளவர்கள்: மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் (மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000). தமக்கு நோய் வந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை, சராசரி நாள் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். குடும்பத்தாருக்கு ஈ.எஸ்.ஐ. சிகிச்சை தரும், ஆனால் அவர்களைப் பார்த்துக்கொள்ள நீங்கள் எடுக்கும் விடுப்புக்குப் பணம் தராது.
- மத்திய அரசு ஊழியர்கள்: பெண் ஊழியர்களுக்கும், மனைவி இல்லாமல் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண் ஊழியர்களுக்கும் பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. முதல் இரண்டு குழந்தைகளுக்கு, 18 வயது வரை. குழந்தை பிறந்தால் தந்தைக்கு 15 நாள். உறுப்பு தானம் செய்பவருக்கு 42 நாள் வரை சிறப்புத் தற்செயல் விடுப்பு. ஆண்டுக்கு வரும் 30 நாள் ஈட்டிய விடுப்பை வயதான பெற்றோரைக் கவனிக்கவும் எடுக்கலாம் என்று 2025 ஜூலையில் நாடாளுமன்றத்திலேயே அரசு சொல்லியிருக்கிறது.
- தமிழ்நாடு அரசு ஊழியர்கள்: மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை 1 முதல் 12 மாதம்.

நோயாளியும் குடும்பத்தாரும் செய்ய வேண்டியவை

1. அட்மிஷன் போட்ட அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். போனில் சொன்னது பிறகு சொல்லாததாகிவிடும். வாட்ஸ்அப், இமெயில், எஸ்.எம்.எஸ். எதுவானாலும் தேதியோடு நிற்கும். நீளமாக எழுத வேண்டாம், இவ்வளவு போதும்:

"ஐயா, என் தந்தை பக்கவாதத்தால் இன்று காலை மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறார். உடனிருந்து கவனிக்க வேறு ஆள் இல்லை. இன்று முதல் வெள்ளிக்கிழமை வரை எனக்குத் தற்செயல் விடுப்பு தர வேண்டுகிறேன். அது போதாவிட்டால் என் கணக்கிலுள்ள ஈட்டிய விடுப்பில் கழித்துக்கொள்ளவும். அட்மிஷன் சீட்டின் படத்தை இணைத்திருக்கிறேன். மேலும் நாள் தேவைப்பட்டால் வியாழக்கிழமைக்குள் தெரிவிக்கிறேன்."

என்ன காரணம், எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எந்த வகை விடுப்பு, என்ன ஆதாரம், அடுத்து எப்போது சொல்வேன் என்ற ஐந்தும் இதில் இருக்கின்றன. நோயாளியே ஊழியர் என்றால், அவர் சார்பில் மனைவியோ மகனோ இதே மாதிரி அனுப்பலாம்.

2. விடுப்பு முடியும் முன்பே நீட்டிப்புக் கேளுங்கள். மத்திய அரசின் மாதிரி நிலையாணைகளில் இரண்டு விதிகள் இருந்துவந்தன. விடுப்பு முடிந்து எட்டு நாளுக்குள் திரும்பி வந்து தக்க விளக்கம் தராதவர் வேலையில் தமக்குள்ள உரிமையை இழப்பார் என்பது ஒன்று. சொல்லாமல் பத்து நாளுக்கு மேல் வராமலிருப்பது ஒழுங்கீனம் என்பது மற்றொன்று. பல நிறுவனங்களின் விதிகள் இதையொட்டி எழுதப்பட்டவைதான். ஐ.சி.யூ.வில் எட்டு நாள் ஓடுவது தெரியாது. எனவே விடுப்பு முடியும் தேதியைப் போனில் அலாரமாக வைத்துவிடுங்கள்.

3. கூட இருப்பவருக்கும் சேர்த்து மருத்துவரிடம் சான்று கேளுங்கள். "இன்னார் இந்தத் தேதி முதல் இங்கே உள்நோயாளி, உடன் ஒருவர் இருப்பது அவசியம்" என்று இரண்டு வரி, கையெழுத்து, பதிவு எண், முத்திரை. இதற்கென்று சட்டத்தில் தனிப் படிவம் இல்லைதான். ஆனால் ஹெச்.ஆர். மேசையில் இந்த இரண்டு வரிக்கு மதிப்பு உண்டு. டிஸ்சார்ஜ் நாளின் கூட்டத்தில் கேட்காமல், காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் கேளுங்கள்.

4. ஈ.எஸ்.ஐ. உண்டா என்பதைச் சம்பளச் சீட்டில் பாருங்கள். சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்திருந்தால் உண்டு. முதலாளி தம் பங்காக 3.25 சதவீதம் கட்டுகிறார். பத்து இலக்கக் காப்பீட்டு எண்ணை வீட்டில் இன்னொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதையும் ஐ.பி. நம்பர் என்கிறார்கள், மருத்துவமனையின் உள்நோயாளி எண்ணையும் ஐ.பி. நம்பர் என்கிறார்கள். படிவத்தில் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

5. எந்த மாதங்களின் கணக்கு பார்க்கப்படும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜனவரி முதல் ஜூன் வரை நோய்ப்பட்டால், அதற்கு முந்தைய ஏப்ரல்–செப்டம்பரில் 78 நாளுக்குப் பங்களிப்பு கட்டப்பட்டிருக்க வேண்டும். ஜூலை முதல் டிசம்பர் வரை என்றால், முந்தைய அக்டோபர்–மார்ச். மாதம் 15,000 ரூபாய் வாங்குபவருக்கு நாள் கூலி ஏறத்தாழ 500, அதில் 70 சதவீதம் 350. முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. பத்து நாள் படுத்திருந்தால் எட்டு நாளுக்கு ஏறத்தாழ 2,800 ரூபாய் வரும். வாடகைக்கோ பால் கணக்குக்கோ உதவும் பணம், விட்டுவிடாதீர்கள்.

6. தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தாலும் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு உடனே தெரிவியுங்கள். நோய்க்காலப் பணம் அங்குள்ள மருத்துவரின் சான்றைக் கொண்டே வழங்கப்படுகிறது. அட்மிஷன் சீட்டையும் பரிசோதனை முடிவுகளையும் வீட்டிலிருந்து ஒருவர் எடுத்துக்கொண்டு போய்க் காட்டட்டும். சந்தேகம் இருந்தால் ஈ.எஸ்.ஐ. கழகத்தின் கட்டணமில்லா எண் 1800-11-2526.

7. நோய் நீண்டதா, வேலையிடத்து விபத்தா என்று பிரித்துக் கேளுங்கள். காசநோய், புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, பக்கவாதம் போன்ற 34 நீண்ட கால நோய்களுக்கு, இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்து உரிய பங்களிப்பும் கட்டியிருந்தால், ஈ.எஸ்.ஐ. 80 சதவீதக் கூலியை இரண்டு ஆண்டு வரை தரும். வேலையிடத்தில் அடிபட்டிருந்தால், வேலை செய்ய முடியாத காலம் முழுவதும் 90 சதவீதம். அதற்குப் பங்களிப்பு நாள் கணக்கே இல்லை, சேர்ந்த முதல் நாளில் அடிபட்டாலும் உண்டு. வேலைக்குப் போகும் வழியிலோ வீடு திரும்பும் வழியிலோ நடந்த விபத்தும் இதில் சேரக்கூடும். ஆகவே அவசர சிகிச்சைப் பிரிவில் "எப்படி அடிபட்டது?" என்று கேட்கும்போது எங்கே, எத்தனை மணிக்கு, எந்த வேலையின்போது என்று தெளிவாகச் சொல்லிப் பதிவு செய்ய வையுங்கள்.

8. எல்லாத் தாளையும் படம் எடுத்து வையுங்கள். ஓ.பி. சீட்டு, அட்மிஷன் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு எல்லாம். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால், மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதி.

9. கூட இருக்கும் முறையைக் குடும்பத்துக்குள் பகிருங்கள். அண்ணனுக்கு நான்கு நாள் சி.எல்., தங்கைக்கு ஐந்து நாள், மாமாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு தாளில் எழுதிப் போட்டால் இருபது நாளைச் சமாளிக்கலாம். ஒரே ஆள் தன் விடுப்பையெல்லாம் முதல் வாரத்திலேயே தீர்த்துவிட்டால், டிஸ்சார்ஜுக்குப் பிறகு வீட்டில் பார்த்துக்கொள்ள ஒரு நாளும் மிஞ்சாது.

செய்யக்கூடாதவை

1. ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "இப்போ எழுதிக் கொடுத்துடு, குணமானதும் வா, எடுத்துக்கறோம்" என்று சொல்பவர் நல்ல மனதோடுகூடச் சொல்லலாம். ஆனால் தாளில் இருப்பது நீங்களாக வேலையை விட்டீர்கள் என்பது மட்டும்தான். பணித் தொடர்ச்சி அறும், பணிக்கொடைக் கணக்கு நிற்கும், ஈ.எஸ்.ஐ. பாதுகாப்பும் போகும். சம்பளமில்லா விடுப்பு கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால், கேட்டதற்கான எழுத்தாவது கையில் இருக்கும். வெற்றுத் தாளிலும் கையெழுத்து வேண்டாம்.

2. போனை எடுக்காமல் இருக்காதீர்கள். பேச முடியாத நிலை என்றால், "ஐ.சி.யூ.வில் இருக்கிறேன், மாலை அழைக்கிறேன்" என்று ஒரு வரி அனுப்புங்கள். சொல்லாமல் நின்றார் என்ற குற்றச்சாட்டுக்கு அந்த ஒரு வரியே பதில்.

3. பொய்ச் சான்றிதழ் வாங்காதீர்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள விடுப்பு எடுத்துவிட்டு, உங்களுக்கே காய்ச்சல் என்று சான்று வைக்காதீர்கள். மருத்துவர் தாம் தரும் சான்றிதழ்களுக்குப் பதிவேடு வைத்திருக்க வேண்டும், நோயாளியின் கையெழுத்தும் அங்க அடையாளமும் அதில் இருக்க வேண்டும் என்பது விதி. பொய்ச் சான்று தருபவரின் பதிவுக்கே ஆபத்து, அதை வைத்தவரின் வேலைக்கும் ஆபத்து. உண்மையான காரணமே போதுமான காரணம்.

4. நோயின் முழு விவரத்தையும் அலுவலகக் குழுவில் போடாதீர்கள். உள்நோயாளி, இத்தனை நாள் ஓய்வு தேவை என்பதே விடுப்புக்குப் போதும். எச்.ஐ.வி. நிலையை ஒருவரின் சம்மதமின்றி வெளியிடக்கூடாது, அதைக் காட்டி வேலையில் பாகுபாடு செய்யக்கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மனநலச் சிகிச்சை பெறுபவரின் விவரங்களைக் காக்கவும் அதே ஆண்டில் சட்டம் வந்தது. ஸ்கேன் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுப் பிறகு அழிக்க முடியாது.

5. வெளிநாட்டுச் சட்டத்தை நம் சட்டம் என்று நம்பிப் பேசாதீர்கள். குடும்பத்தாரைப் பார்த்துக்கொள்ள 12 வார விடுப்பு உண்டு என்ற செய்தி இணையத்தில் கிடைக்கும். அது அமெரிக்காவின் 1993ஆம் ஆண்டுச் சட்டம். அங்கும் அந்த 12 வாரத்துக்குச் சம்பளம் கிடையாது, வேலை மட்டும் காக்கப்படும். இங்கே அதைச் சொல்லிச் சண்டை போட்டால், நியாயமாகக் கிடைக்க வேண்டிய சி.எல்.லும் சிக்கலாகிவிடும்.

6. "வீட்டுப் பெண் வேலையை விடட்டும்" என்று முதல் நாளே முடிவு செய்யாதீர்கள். மாமனாருக்கு உடம்பு முடியவில்லை என்றால் மருமகள் வேலை, அம்மாவுக்கு முடியவில்லை என்றால் மகள் வேலை என்று பேச்சே இல்லாமல் தீர்மானமாகிவிடுகிறது. சம்பளம் நிற்பது ஒரு பக்கம், அவருடைய ஈ.எஸ்.ஐ.யும் பி.எஃப். கணக்கும் நிற்பது மறு பக்கம். சில வீடுகளில் மொத்தக் குடும்பத்தின் மருத்துவமும் அந்த ஒரு ஈ.எஸ்.ஐ. அட்டையில்தான் நடந்துகொண்டிருக்கும். முதலில் எல்லோருடைய விடுப்பையும் கூட்டிப் பாருங்கள், ஆண்களுடையதையும் சேர்த்து.

7. பணத்துக்காக விடுப்பைக் குறைக்கும் முன் பி.எஃப்.-ஐ மறக்காதீர்கள். தமக்கு மட்டுமல்லாமல் குடும்பத்தாரின் சிகிச்சைக்காகவும் வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுக்க இடமிருக்கிறது. மீட்டர் வட்டிக்குப் போகும் முன் அதைப் பாருங்கள்.

பிரசவ வார்டில் செய்ய வேண்டியவை

சட்டம் மிகத் தெளிவாகப் பேசும் இடம் இதுதான். 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்தது. சட்டத்தின் பெயர் மாறினாலும் கீழே சொல்லும் உரிமைகள் தொடர்கின்றன.

1. நாளை எண்ணுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரம். அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன் எடுக்கலாம். இரண்டு குழந்தைகள் இருக்கும்போது அடுத்த பிரசவம் என்றால் 12 வாரம்.

2. பிரசவச் சான்றை உடனே அனுப்புங்கள். பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான பணத்தை, கர்ப்பத்துக்கான சான்றைக் காட்டியதும் முன்கூட்டியே தர வேண்டும். மீதிப் பணத்தை, பிரசவச் சான்று தந்த 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்க மறந்துவிட்டாலும் உரிமை போகாது. பிரசவத்துக்குப் பிறகும் கொடுக்கலாம்.

3. கருச்சிதைவுக்கும் விடுப்பு உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆறு வாரம், சம்பளத்துடன். வீட்டில்கூட யாருக்கும் சொல்லாமல் மூன்றாம் நாள் மெஷினில் போய் உட்காரும் பெண்கள் பனியன் கம்பெனிகளிலும் ஜவுளிக் கடைகளிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டிய முதல் செய்தி இது. குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு இரண்டு வாரம். கர்ப்பம், பிரசவம், குறைமாதப் பிரசவம், கருச்சிதைவு இவற்றால் தாய்க்கு உடல்நலம் கெட்டால் மேலும் ஒரு மாதம்.

4. ஒப்பந்த ஊழியரானாலும் கேளுங்கள். தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு உரிமை உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பதற்காக மகப்பேறு பயனை நிறுத்தக்கூடாது என்று 2023இல் சொன்னது.

5. ஈ.எஸ்.ஐ. உள்ளவர்கள் அங்கே விண்ணப்பியுங்கள். அதே 26 வாரம், முழுக்கூலி, ஈ.எஸ்.ஐ. மூலமாக வரும். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாள் பங்களிப்பு இருக்க வேண்டும்.

6. சட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள் திட்டத்தைப் பிடியுங்கள். வீட்டு வேலை, வயல் வேலை செய்யும் தாய்மார்களுக்கு விடுப்பு என்ற சொல்லே எட்டுவதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்கும். அதில் 14,000 பணமாகவும் மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வரும். கர்ப்பம் தெரிந்ததும் 12 வாரத்துக்குள் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்துவிடுங்கள்.

பிரசவ வார்டில் செய்யக்கூடாதவை

- பிரசவமோ கருச்சிதைவோ ஆன ஆறு வாரத்துக்குள் வேலைக்குப் போகாதீர்கள். அந்தக் காலத்தில் தெரிந்தே வேலை வாங்குவது முதலாளிக்கும் தடை செய்யப்பட்டது.
- மகப்பேறு விடுப்பில் இருக்கும்போது வந்த பணிநீக்கக் கடிதத்தைத் தலையெழுத்து என்று ஏற்காதீர்கள். அந்தக் காலத்தில் நீக்குவதும், வேலை நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றுவதும் சட்டவிரோதம்.
- குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட ஒரு நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. அதை யாரோ காட்டும் இரக்கம் என்று நினைத்துக் கூச்சப்படாதீர்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம்.

மருத்துவமனையில் வேலை செய்கிறவர்கள் செய்ய வேண்டியவை

நோயாளிகள் மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. வலியில் இருப்பவருக்குப் படிக்க நேரமில்லை. யாராவது சொல்ல வேண்டும், சொல்வதற்கு உங்களைவிடப் பொருத்தமானவர் இல்லை.

1. அட்மிஷன் நேரத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: "நீங்க எங்கே வேலை பார்க்கறீங்க? ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்களா?" இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தாலே பாதி வழி திறந்துவிடும். கூட இருப்பவரிடமும் கேளுங்கள்.

2. முதல் நாளே சான்று கிடைக்க வழி செய்யுங்கள். அட்மிஷன் தேதி எழுதிய ஒரு சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியைவிட அவசரமானது. எத்தனை நாள் ஓய்வு வேண்டும், எப்போது மறுபரிசோதனை என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் மறக்காமல் எழுதுங்கள். "ஓய்வு தேவை" என்று மட்டும் எழுதினால் ஹெச்.ஆர். எத்தனை நாள் என்று திருப்பிக் கேட்பார்.

3. வார்டில் ஒட்டி வையுங்கள். ஒரே ஒரு தாள், தமிழில், பெரிய எழுத்தில். தென்மாவட்ட மருத்துவமனையிலும் வடமாநிலத் தொழிலாளி கிடக்கிறார் என்பதால் இந்தியிலும் ஒன்று. பிரசவ வார்டில் 26 வாரம், ஆறு வாரம், 48 மணி நேரம் என்ற மூன்றும் கண்ணில் பட்டால் போதும்.

4. எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டுங்கள். விடுப்பை மறுத்தால் தொழிலாளர் துறையின் மாவட்ட அலுவலகம். பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கட்டணமில்லாமல் வழக்கறிஞர் தரும், அந்த அலுவலகம் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், உதவி எண் 15100.

மருத்துவமனையில் வேலை செய்கிறவர்கள் செய்யக்கூடாதவை

- "அதெல்லாம் உங்க ஆபீஸ் விஷயம்" என்று அனுப்பிவிடாதீர்கள். வேலைக்குப் பயந்து பாதியில் டிஸ்சார்ஜ் கேட்டு ஓடுகிறவர் உங்கள் சிகிச்சையையும் பாதியில் விட்டுத்தான் போகிறார்.
- தெரியாததை உறுதியாகச் சொல்லாதீர்கள். "கண்டிப்பா கிடைக்கும்" என்ற ஒரு சொல்லை நம்பி வேலைக்குப் போகாமல் இருந்துவிடுவார்கள். சட்டம் உறுதியாகத் தருவது எது, நிறுவனம் மனமுவந்து தருவது எது என்று பிரித்துச் சொல்லுங்கள்.
- அலுவலகத்திலிருந்து யாராவது போன் செய்து நோயைப் பற்றிக் கேட்டால், நோயாளியின் சம்மதமில்லாமல் எதுவும் சொல்லாதீர்கள்.
- அரசு அலுவலருக்கு ஒரு மரியாதை, தினக்கூலிக்கு ஒரு மரியாதை என்று சான்றிதழில் பாகுபாடு காட்டாதீர்கள். அந்தத் தாள் அதிகம் தேவைப்படுவது தினக்கூலிக்குத்தான்.

உடல்நலமில்லாதவர் பக்கத்தில் ஒரு மனிதர் இருப்பது சிகிச்சையின் ஒரு பகுதி. மருந்து வாங்கி வரவும், இரவில் தண்ணீர் எடுத்துத் தரவும், டாக்டர் சொன்னதைக் கேட்டு நினைவில் வைக்கவும் அவர் வேண்டும். அவருக்கென்று சட்டப்படி விடுப்பு வேண்டும் என்ற கோரிக்கையைத் தொழிற்சங்கங்களும் சட்டமன்றமும் நாடாளுமன்றமும் கையிலெடுக்க வேண்டும். அது வரும் வரை, இருப்பதையாவது யாரும் இழக்காமல் பார்த்துக்கொள்வோம். இதைப் படித்தவர்கள், உங்கள் சம்பளச் சீட்டையும் விடுப்புக் கணக்கையும் இன்றே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தெரிந்தவர் யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால், பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போகும்போது, "வேலைக்கு எழுதிக் கொடுத்தாச்சா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால், அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.